நாற்பத்தேழு மேலே போன வருஷம்

ஓடையங்காட்டில் யாரிடமாவது போய், மாடு மேலே போன வருஷத்தில் உங்களுக்கு என்ன வயசு என்று கேட்டால், எந்த மாடு, எங்கே போனது, எப்படிப் போனது என்று ஒருவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். விரலை மடக்கி எண்ணி, எனக்கு அப்போது முப்பத்திரண்டு, மூத்தவளுக்குக் காது குத்தின வருஷம், தென்னையில் வெள்ளை ஈ விழுந்த வருஷம், தண்ணீர்த் தொட்டி ஒழுக ஆரம்பித்து இன்றுவரை ஒழுகிக்கொண்டிருக்கிற வருஷம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அந்த வருஷத்துத் திருவிழாச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எங்கள் வாயைக் கிளறாதீர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த வாயைத்தான் நான் இப்போது கிளறப் போகிறேன்.

எங்கள் ஊர் தமிழ்நாடு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளா. ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பு, தோப்புக்கு நடுவில் எண்ணெய் மில், மில்லுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் செபஸ்தியார் கோயில். சந்தையில் எலும்பும் தோலுமாக நிற்கிற காளைகளைப் பிடித்து வந்து, சில மாசம் தீனி போட்டுத் தேற்றி, கறிக்கு லாரி ஏற்றி அனுப்புவதுதான் இங்கே பாதிப் பேருக்குப் பிழைப்பு. இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தேற்றுகிற மாட்டுக்குப் பேர் வைக்கக் கூடாது. காதில் தொங்குகிற மஞ்சள் வில்லையில் கடைசி இரண்டு எண் எதுவோ அதுதான் அதற்கு அடையாளம். முப்பத்தொன்று தண்ணி குடிக்கலை, அறுபது கழியுது என்றுதான் பேசிக்கொள்வோம். பேர் வைத்தவன் லாரி ஏற்றமாட்டான், ஏற்றினாலும் அன்றைக்குச் சோறு தின்னமாட்டான் என்பது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

சலேத்மேரிக்கு, மாட்டின் பேர் தவிர, சொல்லக் கூடாத பேர் இன்னொன்றும் இருந்தது. அது அவள் புருஷன் பேர். மாட்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்த சந்தியாகு மஞ்சள் காமாலையில் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அவர்கள் இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தார்கள். இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பேர் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆயுசே முடிந்த பிறகும் அவள் அந்த வழக்கத்தை விடவில்லை. ரேஷன் ஆபீசில் கணவர் பெயர் என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், வரிசையில் பின்னால் நிற்கிற எங்களில் யாராவது ஒருவர் "சந்தியாகுங்க!" என்று கத்துவார். எழவு வீட்டில் அத்தனை பேரும் பேர் சொல்லி மாரடித்தபோது அவள் மட்டும் பேர் இல்லாமல் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு வாயடைத்துப் போனவர்களில் நானும் ஒருத்தன்.

கோயிலில் பழைய மன்றாட்டு மாலை சொல்லும்போதும் இதேதான். புனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மழை மாதிரிப் பொழிந்துகொண்டு வருவாள். சந்தியாகப்பர் முறை வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். மனசுக்குள் என்ன சொல்வாளோ, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போவாள். சந்தியாகப்பர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அக்டோபர் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பங்குச்சாமியார் இருதயராஜ் திருவிழா அறிவிப்பை வாசித்தார். ஜனவரி இருபது செபஸ்தியார் திருநாள். அன்றைக்கு ஊர் முழுவதற்கும் கோயில் வளாகத்தில் பிரியாணி. அதற்கான மாட்டை வழக்கம்போலத் தரகர் ஞானாதிக்கம் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொல்லி முடிக்கும் முன்னால், பெண்கள் பக்கத்திலிருந்து சலேத்மேரி எழுந்து நின்றாள்.

"இந்தத் தடவ மாடு நான் தர்றனுங் சாமி. அவங்க சாகறதுக்கு முன்னால நேந்துக்கிட்டாங்க. முந்நூறு கிலோவுக்குக் கொறையாத மாடு. பத்து வருசமா என்னால ஆகலீங்க. இந்த வருசம் குடுத்துப்போடறேன்."

"எந்த மாடும்மா?" என்றார் சாமியார்.

"நாப்பத்தேழுங்க."

கோயில் என்றும் பாராமல் ஞானாதிக்கம் சிரித்துவிட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருஷமாகத் திருவிழா மாடு அவர் கை காட்டுகிற மாடுதான். தராசு வேண்டாம், நாடா வேண்டாம்; வால் அடியை இரண்டு விரலால் ஒரு தடவை கிள்ளிப் பார்ப்பார், நெஞ்சுத் தோலை ஏந்திப் பார்ப்பார், இரண்டடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணைச் சுருக்கி எடை சொல்வார், எடைமேடையில் ஏற்றினால் இரண்டு கிலோவுக்கு மேல் பிசகாது. அந்தக் கண்ணுக்கும் அதற்குக் கீழே இருந்த மீசைக்கும் நாலு சந்தையில் மரியாதை உண்டு. நாற்பத்தேழை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். சந்தை கலைகிற நேரத்தில் யாரும் கை வைக்காமல் நின்ற சவலை மாடு அது.

"ஏம்மிணி, அது நூத்தியெண்பது. தலகீழா நின்னாலும் இருநூத்திருவதத் தாண்டாது. முந்நூறு வந்துச்சுன்னா இந்த மீசைய எடுத்துப்போட்டு நடக்கறேன்" என்றார்.

சலேத்மேரி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள் என்று பக்கத்தில் இருந்த என் மனைவி பிறகு சொன்னாள். மூன்று மாசத்தில் நூற்றிருபது கிலோ என்பது சும்மா இல்லை. இந்த வருஷமும் தவறினால் செத்தவரின் வார்த்தை செத்தே போய்விடும்.

அந்த வாரம்தான் கால்நடை டாக்டர் பூங்கொடி எங்கள் ஊருக்கு முகாம் வந்தது. ஊசி போட்டு முடித்துவிட்டு, தீவனத்தில் கொழுப்பு சேர்ப்பது பற்றி அந்தப் பெண் ஒரு வகுப்பு எடுத்தாள்; முறுக்கு கொடுப்பார்கள் என்று நம்பி நாங்கள் எல்லோரும் போய் உட்கார்ந்தோம்.

"தானியத்துல இருக்கற சத்தைவிட எண்ணெய்ல ரெண்டே கால் பங்கு அதிகம். மில்லுல வீணாப் போற தேங்காய் எண்ணெய்க் கசடு இருக்குல்ல, அதைத் தவிட்டுல கலந்து குடுங்க. ஆனா அளவு முக்கியம். மொத்தத் தீனியில நூத்துக்கு அஞ்சு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டிச்சுன்னா எண்ணெய் போய் வயித்துல இருக்கற சோளத்தட்டையை மூடிக்கும், செரிமானம் நின்னுடும். ஒரு மாட்டுக்கு வேளைக்கு ஒரு கரண்டி. அவ்ளோதான்."

"டாக்டரம்மா, ஒரு கரண்டின்னா எவ்வளவு நேரம் ஊத்தோணுங்?" என்று கேட்டாள் சலேத்மேரி.

டாக்டர் வெளியூர்ப் பெண். அந்தக் கேள்வி அவளுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. சலேத்மேரி எதையும் ஜெபத்தால்தான் அளப்பாள். முட்டை வேக ஐந்து அருள் நிறைந்த மரியே, அரிசி உலை கொதிக்க ஒரு விசுவாசப் பிரமாணம், பஸ் வர நேரமானால் ஒரு ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை. அவள் வீட்டில் கரண்டி இருந்தது, கடிகாரமும் இருந்தது, இரண்டையும் அவள் நம்பவில்லை. டாக்டர் யோசித்துவிட்டு, "ஒரு நிமிஷத்துல கால்வாசி இருக்கும்" என்றாள். சரி, ஒரு அருள் நிறைந்த மரியே என்று சலேத்மேரி மனசில் குறித்துக்கொண்டாள்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பருத்திக்கொட்டை, தவிடு, சோளத்தட்டை, அதன்மேல் மில்லுக் கசடு, தூக்குவாளியைச் சாய்த்து ஒரு அருள் நிறைந்த மரியே. நாற்பத்தேழுக்கு உடம்பில் மினுமினுப்பு ஏறியது. ஆனால் கவலை இருக்கிறவள் ஜெபத்தை ஓட்டிச் சொல்லமாட்டாள். பார்க்கப் பார்க்க அவள் அருள் நிறைந்த மரியே நீண்டது, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி, உருகி, கண்ணை மூடிச் சொன்னாள், எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் பிறந்ததும் ஒரு ஜெபம் போதாது என்று பட்டு மன்றாட்டு மாலையையே ஆரம்பித்துவிட்டாள். எல்லாப் புனிதர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள், எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது. சந்தியாகப்பர் முறை வந்தது, அவள் வாயை மூடிக்கொண்டாள், அந்தப் பேரை மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள், நாளுக்கு நாள் அதிக நேரம் நின்றாள், எண்ணெய் அப்போதும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் நாற்பத்தேழு தொட்டியிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்க்கும். எண்ணெய் மூக்கில் பட்டதால் பார்க்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மாடு பெருத்தது. கழுத்துத் திமில் சரிந்து ஒரு பக்கம் தொங்குமளவுக்குப் பெருத்தது, பின்தொடை இரண்டும் உரசிக்கொள்ளுமளவுக்குப் பெருத்தது, தோல் முழுக்க எண்ணெய் கசிந்து ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்தது. பிரியாணி மாஸ்டர் அல்போன்ஸ் தினமும் வந்து சுற்றிப் பார்த்து, இஞ்சி பூண்டுக் கணக்கைக் கூட்டிக்கொண்டே போனார். கோயில் கமிட்டி மூன்று அண்டா போதாது, ஐந்து வேண்டும் என்றது. சலேத்மேரி மாட்டை மில்லுக்கு ஓட்டிப் போய்க் கொப்பரை மூட்டை நிறுக்கிற எடைமேடையில் நிறுத்தினாள்.

நூற்று நாற்பது என்று காட்டியது.

தராசு கெட்டுவிட்டது என்று மில் ஆள் தன்னை நிறுத்துப் பார்த்தான், ஒரு கொப்பரை மூட்டையை நிறுத்துப் பார்த்தான், தராசில் குற்றம் இல்லை. அடுத்த வாரம் மாடு இன்னும் பெருத்திருந்தது, எண்பத்திரண்டு காட்டியது. அதற்கடுத்த வாரம் மேடையில் ஏறவே அகலம் போதாமல் பக்கவாட்டில் நுழைத்து ஏற்றினார்கள், பதினாறு காட்டியது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, எண்ணெய் தின்ற மாடு லேசாகத்தானே ஆகும் என்று நாங்கள் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் காலையில் சலேத்மேரி கொட்டகைக்குப் போனபோது தொட்டியருகில் மாடு இல்லை. கயிறு மட்டும் நேராக மேலே போயிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். ஓட்டுக்கூரைக்கு ஒரு ஆள் உயரம் மேலே, நாலு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு, நாற்பத்தேழு நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அவள் முதலில் கேட்டது, "தண்ணி எப்படிக் குடிப்ப?" என்பதுதான்.

கிணற்றுக் கப்பியைக் கழற்றி வந்து பக்கத்துத் தென்னையில் மாட்டி, வாளியில் தண்ணீரும் கூடையில் தீனியும் ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்தோம். ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. மாடு பறக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்தபோது எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. கோயில் பீடத்துக்கு மேலே கண்ணாடியில் லூக்கா நற்செய்தியாளரின் மாடு இறக்கையோடு நூறு வருஷமாக இருக்கிறது, அதைத் தினம் பார்க்கிற எங்களுக்கு இதில் பெரிதாக என்ன? குறை என்று சொன்னால் எங்கள் மாட்டுக்கு இறக்கை இல்லை, அவ்வளவுதான். பங்குச்சாமியாரும் இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, மாடு மேலே போகக் கூடாது என்று வேதத்தில் எங்கும் எழுதவில்லை என்று சொல்லிவிட்டார்.

சிக்கல்கள் வேறு மாதிரி வந்தன. சாணி எங்கே விழும் என்று தெரியாததால் அந்தத் தெருவில் எல்லோரும் குடையோடு நடந்தார்கள். மின்வாரிய ஊழியர் வந்து, கம்பிக்குப் பக்கத்தில் மாடு கட்டக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். எந்த உயரத்தில் என்று கேட்டதற்கு, விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். எதிர்வீட்டு ரெஜினா அந்தக் கயிற்றில் துணி காயப்போட்டாள், காற்றடித்து மாடு அசைந்ததில் அவள் புடவை நாலு வீடு தள்ளிப் போய்க் காய்ந்தது. மாட்டு நிழல் டீக்கடை வாசலுக்கு வந்தால் பதினொன்று, பள்ளிச் சுவருக்கு வந்தால் பாலக்காட்டு பஸ் என்று ஊரே நேரம் பார்த்தது. தென்னங்குருத்தைத் தின்கிறது என்று ஒரு தோப்புக்காரர் சண்டைக்கு வந்தார், வந்தவர் மாடு எட்டாத குலையில் இருந்த தேங்காயைக் கொம்பால் முட்டித் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு எங்கள் தோப்பில் கட்டுகிறீர்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்துப் பசியோடு எச்சில் விழுங்கிக்கொண்டுதான் இருந்தோம், அதை மறைப்பானேன். ஐந்து அண்டாப் பிரியாணி எங்கள் தலைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது.

ஞானாதிக்கம்தான் பாவம். தினமும் வந்து கீழே நின்று ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். கண் முந்நூறுக்கு மேல் சொல்கிறது. தராசு ஒன்றுமே சொல்லவில்லை. பத்துப் பேர் இழுத்துப் பிடித்து மேடையில் நிறுத்தியபோது முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் நடுங்கியது, பூஜ்யத்துக்குக் கீழே எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்று மில் ஆள் கையை விரித்துவிட்டான். கண் சரி என்றால் மீசை போகும். தராசு சரி என்றால் மீசை நிற்கும், கண் போகும். மனுஷன் சாப்பாடு இறங்காமல் இளைத்தார்.

"ஞானண்ணா, எவ்வளவு இருக்குமுங்க?" என்று சலேத்மேரி கேட்டாள்.

"கீழ வரட்டும் அம்மிணி, சொல்றேன்" என்று மழுப்பினார்.

கீழேதான் வரவில்லை. திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது டாக்டர் பூங்கொடி வந்தாள். அண்ணாந்து பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள், பிறகு தன் பதிவேட்டை எடுத்து 'ஆகாரத்தில் கொழுப்பு அதிகம்' என்று எழுதினாள்.

"மேரியக்கா, எவ்ளோ ஊத்துனீங்கன்னு இப்ப செஞ்சு காட்டுங்க."

சலேத்மேரி தூக்குவாளியைச் சாய்த்து மன்றாட்டு மாலையை ஆரம்பித்தாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு இடத்தில் குரல் நின்றது, எண்ணெய் நிற்கவில்லை. வாளி காலியாகிற வரைக்கும் குரல் திரும்பவில்லை. மேலே மாடு தலையைத் திருப்பிக் கீழே பார்த்தது.

"இது கரண்டி இல்லக்கா, குடம்! முக்கால்வாசி அந்த நடுவுல பேசாம நின்னீங்களே, அப்ப விழுந்ததுதான். அங்க எதுக்கு நிறுத்துனீங்க?"

"அது ஒரு பேருங்க" என்றாள் சலேத்மேரி. காலி வாளியைக் கழுவப் போனாள்.

எண்ணெயை அன்றைக்கே நிறுத்தினார்கள். வைக்கோலை மட்டும் ஏற்றிக் கொடுத்தார்கள். ஏறின கொழுப்பு கரைய மூன்று மாசம் ஆகும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனாள். மாடு ஒரு சாண்கூட இறங்கவில்லை.

திருநாள் காலையில் ஊர்க் கூட்டம் முழுவதும் கோயில் வளாகத்தில் இருந்தது. தேர் பூவோடு நின்றது, பேண்டு வாத்தியம் முழங்கியது, அல்போன்ஸ் ஐந்து அண்டாவுக்கும் அடியில் விறகு அடுக்கி, மசாலா அரைத்து, வெங்காயம் வதக்கிக் கத்தியோடு தயாராக நின்றார். பந்தயம் முடிய வேண்டுமென்று மில் எடைமேடையை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து கொடிமரத்தடியில் வைத்திருந்தார்கள். மாட்டைக் கயிற்றோடு நடத்திக் கூட்டி வந்தோம், அதாவது நாங்கள் நடந்தோம், அது மேலே வந்தது. நாற்பது பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் கீழே கொண்டுவந்துவிடலாம், மேடையில் நிறுத்தி முள்ளைப் பார்த்துவிட்டு அப்படியே அல்போன்ஸிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது கமிட்டியின் திட்டம்.

இதில் கமிட்டி மறந்தது ஒன்று. மூன்று வாரமாக மாட்டின் உடம்பிலிருந்து எண்ணெய் கயிறு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏலேலோ போட்டு நாற்பது பேரும் ஒரே மூச்சில் இழுத்தோம். கயிறு எண்பது கையிலும் வழுக்கிக்கொண்டு மேலே போனது. நாங்கள் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவராகப் பின்பக்கமாய் விழுந்தோம். நிமிர்ந்து பார்த்தபோது நாற்பத்தேழு கோயில் கோபுரச் சிலுவைக்கு மேலே போயிருந்தது. காற்று ஆனைமலைப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது.

"நாப்பத்தேழு! டேய் நாப்பத்தேழு!" என்று கத்தினோம். பா, பா என்று கூப்பிட்டோம். அல்போன்ஸ் இரண்டு கையிலும் பருத்திக்கொட்டையை அள்ளிக் காட்டினார், கத்தி கக்கத்தில் இருந்தது. பங்குச்சாமியார் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். பேண்டு வாத்தியக்காரர்கள் அடித்த அடியில் மலையே திரும்பிப் பார்த்திருக்கும். மாடு திரும்பவில்லை. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் திரும்புவார்கள்?

ஞானாதிக்கம் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "போகுதே, முந்நூத்தி நாப்பது கிலோ போகுதே!" என்று அழுதார். தன் வாயாலேயே எடையைச் சொல்லிவிட்டோம் என்பதுகூட அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

சலேத்மேரி எடைமேடைக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். மாடு சின்னதாகிக்கொண்டு வந்தது. பத்து வருஷம் காத்திருந்து கொடுக்க வந்த நேர்ச்சை மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்தில் எனக்கு அவள் முகம் நன்றாகத் தெரிந்தது. தினமும் அந்த ஒரு இடத்தில், அந்தப் பேச்சில்லாத இடத்தில் மட்டும் மாடு தலை தூக்கிப் பார்த்தது எதற்கு என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். கூப்பிட்டால் வரும். கூப்பிட்டுவிட்டால் பிறகு அது நாற்பத்தேழு இல்லை. கூப்பிடாவிட்டால் ஒன்றுமே இல்லை.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி திறந்தாள்.

"சந்தியாகு!"

மாடு கோபுரத்துக்கு மேலே போனபோதுகூட நிற்காத பேண்டு வாத்தியம் அப்போது நின்றது. பங்குச்சாமியார் ஒலிபெருக்கியை நழுவவிட்டார். என் மனைவி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். எங்கள் ஊரில் அதுவரைக்கும் நடந்ததிலேயே நாங்கள் நம்ப முடியாமல் நின்றது அந்த ஒன்றுக்குத்தான்.

"சந்தியாகு! எங்க போறீங்க? போதுமுங்க, எறங்கி வாங்க!"

மாட்டுக்குப் போய் மரியாதை கொடுத்துக் கூப்பிடுகிறாளே என்று யாரும் சிரிக்கவில்லை. மேலே அது தலையைத் திருப்பியது. காற்றையும் மீறி உடம்பைத் திருப்பியது. அவள் ஒவ்வொரு தடவை அந்தப் பேரைச் சொல்லும்போதும் ஒரு தென்னை உயரம் இறங்கியது. அவளும் முப்பத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னாள், சத்தமாகச் சொன்னாள், கோபமாகச் சொன்னாள், அழுதுகொண்டு சொன்னாள், கடைசியில் சோறு ஆறிப்போகிறது என்று கூப்பிடுகிற குரலில் சொன்னாள். மாடு நாலு காலையும் மேடைமேல் ஊன்றியது. பலகை நெரிந்தது. முள் ஓடிப்போய் நின்ற இடம் முந்நூற்று நாற்பத்தொன்று.

"நான் முந்நூத்தி நாப்பதுன்னுதான சொன்னேன்" என்று ஞானாதிக்கம் எழுந்து வந்தார். "ஒரு கிலோ கயிறு." சொல்லிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே, எங்கே நாவிதர் என்று தேட ஆரம்பித்தார். இவ்வளவு சந்தோஷமாக மீசை எடுக்கப் போன மனுஷனை நான் பார்த்ததில்லை.

எல்லோரும் அல்போன்ஸைப் பார்த்தோம். அல்போன்ஸ் மாட்டைப் பார்த்தார். மாடு அவரைப் பார்த்தது. கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்னால ஆகாதுங்க. சந்தியாகண்ணன்கூட ரெண்டு தடவ லாரியில ஒண்ணா உக்காந்து திருச்சூர் போயிருக்கேன். தூங்கறப்ப எனக்குப் போர்த்தி உட்டாரு" என்றார்.

கமிட்டிக்காரர்களும் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். அவரோடு கள் குடித்தவர்கள், சீட்டு விளையாடியவர்கள், அவர் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். இப்போது அவரைப் பரிமாறு என்றால் யார் கை நீளும்? சலேத்மேரி மாட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நேர்ச்சை தவறிப்போச்சே என்று பங்குச்சாமியாரைப் பார்த்தாள்.

"முந்நூறு கிலோவுக்குக் குறையாத மாடுன்னுதானே அவர் சொன்னார்?" என்றார் சாமியார். "கறியாக் குடுக்கறேன்னு சொன்னாரா?"

"இல்லீங் சாமி. மாடுன்னுதான்..."

"அப்ப குடுத்தாச்சு. தேர்ல கட்டுங்க."

அந்த வருஷம் செபஸ்தியார் தேரைச் சந்தியாகு இழுத்தார். தேர் அவ்வளவு சுலபமாக எந்த வருஷமும் ஓடினதில்லை. இரண்டு சக்கரம் தரையைத் தொடவேயில்லை என்று சிலர் சொல்கிறார்கள், நான் முன்னால் நடந்ததால் கவனிக்கவில்லை. சாப்பாட்டுக்கு, அரைத்த மசாலாவை வீணாக்காமல் உருளைக்கிழங்கில் போட்டுப் பிரட்டி, கொள்ளுப்பருப்பு கடைந்து ஊற்றினார்கள். ஐந்து அண்டாக் கொள்ளுப்பருப்பு. அதற்கு மேல் அந்தச் சாப்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கோயில் மாட்டைத் திரும்ப அவளிடமே பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டது. மேய்ச்சல் முடிந்து வராவிட்டால் பொழுது சாய்கிற நேரத்தில் சலேத்மேரி வாசலில் நின்று அந்தப் பேரைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுகிறாள்; ரேஷன் ஆபீசில்கூட இப்போது பின்னால் நிற்கிற எங்களுக்கு வேலை இல்லை. டாக்டர் சொன்னபடி மாட்டுக்கு வேளைக்கு ஒரு கரண்டி எண்ணெய் உண்டு. கடிகாரத்தை இன்னும் நம்பவில்லை, அளவு மன்றாட்டு மாலைதான். அவசரமாகத்தான் சொல்கிறாள், வேலை கிடக்கிறது. சந்தியாகப்பர் முறை வந்தால் வாய் நிறையச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுகிறாள். எண்ணெய் சரியாக ஒரு கரண்டிதான் விழுகிறது.